‘ஆம்’ போட்டு எழுதியவன்

சேர்,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் பக்கங்கள் இன்று காலை என் மேசைக்கு வந்தன. பிழை பார்த்துத் தரும்படி உங்கள் மகள் அனுப்பியிருந்தார். தாளில் மை மணம் இன்னும் போகவில்லை. நான்காம் பக்கம் எங்களுடையது, கல்முனைப் பழைய மாணவர்கள் எழுதுவது. அது இப்படித் தொடங்குகிறது: “கண்டிப்பானவர்; ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்த ஆசிரியர். ஒரு மாணவனையும் அவர் கைநீட்டி அடித்ததில்லை.” எழுதியவன் நஸார், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கீழே தன் பெயரோடு என் பெயரையும் போட்டிருக்கிறான்.

சிவப்புப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். முதல் வசனம் சரி. இரண்டாவது பொய். அது பொய் என்பதை நான் உங்கள் வாயால்தான் அறிந்தேன்.

முதல் வசனமும் ஒரு காலத்தில் பொய்யாகத்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் உங்களை எங்களுக்குப் பிடிக்காது. தமிழ் ஊரான காரைதீவிலிருந்து எங்கள் முஸ்லிம் பாடசாலைக்குச் சைக்கிளில் வருவீர்கள். முதல் மணி அடிக்கும்போது சைக்கிள் வேப்பமரத்தில் சாய்ந்திருக்கும், நீங்கள் வகுப்பில் நிற்பீர்கள். கண்ணால் காணாத எதையும் ‘ஆம்’ சேர்க்காமல் சொல்லவோ எழுதவோ கூடாது என்பது உங்கள் சட்டம். ஒருவன் எழும்பி, “சேர், நேத்து தோணி ஒண்டு கவிண்டிட்டு” என்றால் போதும்.

“கண்டியா?”

“இல்ல சேர். வாப்பா சொன்னார்.”

“அப்ப எப்படிச் சொல்லணும்?”

“கவிண்டிட்டாம், சேர்.”

“இரி.”

காணாததற்கு ‘ஆம்’ போடாவிட்டாலும் தண்டனை, கண்டதற்குப் போட்டாலும் தண்டனை. எல்லோரும் ‘ஓம்’ சொல்லுகிற ஊரில் உங்களுக்கு ‘ஆம் சேர்’ என்று பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். நீங்கள் தூரத்தில் வரும்போது பின்வாங்கிலிருந்து நஸார் தொடங்குவான்: “ஆம் சேர் வாறாராம். மூஞ்ச நீட்டிக்கிட்டு வாறாராம்.” ஒருநாள் அது உங்கள் காதில் விழுந்தது.

“நான் வாறத நீ காணுறாய்தானே மனே?”

“ஓம் சேர்.”

“அப்ப எதுக்கு ‘ஆம்’? ‘வாறார்’ எண்டு நூறு தரம் எழுதிக்கொண்டு வா. மூஞ்சையும் சேர்த்து எழுது.”

வகுப்பு சிரித்தது, நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் அவன் கொப்பியை விரித்து விரல் வைத்து எண்ணினீர்கள். தொண்ணூற்றெட்டு இருந்தது. மிச்சம் இரண்டையும் உங்கள் மேசையில் நின்று எழுதினான்.

அறுவடைக் காலத்தில் நஸார் ஐந்து நாள் வரவில்லை. வாப்பாவோடு மாவடிப்பள்ளி வயலில் நின்றான் என்பது எங்களுக்குத் தெரியும். வந்ததும் காய்ச்சல் என்றான். நீங்கள் அவனை விசாரித்துக்கொண்டிருந்தபோது வெண்கட்டி எடுத்துவர என்னை அலுவலகத்துக்கு அனுப்பினீர்கள். நான் வகுப்புத் தலைவன். திரும்பி வந்தபோது கண்டது இது: எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கும் பிரம்பு தரையில் கிடந்தது. அது தரையில் கிடந்து அதற்கு முன் நான் கண்டதில்லை. நஸார் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள். “அடிச்சிட்டார்டா,” என்று பக்கத்தில் இருந்தவன் என் காதுக்குள் சொன்னான்.

கலவரத்தில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே பாதை எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று தெரியாத காலம் அது. மறுநாள் காலை கடைத்தெருப் பேச்சில் அந்தக் கை முறிந்திருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குள் இரண்டு கையும் முறிந்திருந்தன. தமிழ் வாத்தியார் முஸ்லிம் பிள்ளையின் கையை முறித்துவிட்டார் என்பதுதான் கதை. மூன்றாம் நாள் பாடசாலைக் கேற்றில் கூட்டம் நின்றது. அதிபர் நஸாரைக் கூப்பிட்டுக் கேட்டார். “சைக்கிளால விழுந்தன் சேர்,” என்றான். வகுப்பில் வேறு எவனும் வாய் திறக்கவில்லை. கூட்டம் அசையவில்லை. அப்படியென்றால் வகுப்புத் தலைவன் எழுதித் தரட்டும் என்றார்கள். முன்னுக்கு நின்றவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி.

“எழுது மகன். ‘கைய முறிச்சார்’ எண்டு எழுது. நாங்க இரிக்கம், பயப்படாத.”

நான் எழுதினேன்: “ஆசிரியர் நஸாரை அடித்தாராம். நான் அப்போது வகுப்பில் இருக்கவில்லை.”

சாச்சா அதை இரண்டு தரம் வாசித்தார். “இதென்னடா ஆம் கீம் எண்டு?” என்றார். அதிபர் தாளை வாங்கிக் கேற்றில் உரத்து வாசித்தார். அடித்ததைக் கண்ட சாட்சி இல்லை என்றார். முணுமுணுப்பு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். அன்று பின்னேரம் நீங்கள் வழமைபோல் சைக்கிளில் வீட்டுக்குப் போனீர்கள். அடுத்த நாள் அந்தத் தாள் சுற்றி என்னிடம் வந்தது. என் கையெழுத்துக்குக் கீழே திகதி போடாததைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தீர்கள். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பிரம்பை நாங்கள் காணவில்லை. கண்டிப்பில் குறைவில்லை. உங்களை எப்போது பிடிக்கத் தொடங்கியது என்று இந்தக் கிழமை பழைய ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவராலும் ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை. பாதை திறந்த அன்றே முதல் ஆளாக வந்து நின்றவர் என்றான் ஒருவன். இன்னொருவன், “மத்த சேர்மார் எங்கட கொப்பியத் திறந்தே பாக்கல்ல. இவர் நூறு எண்டா நூறையும் எண்ணின மனிசன்,” என்றான்.

நான் பத்திரிகை வேலைக்குப் போன பிறகும் நீங்கள் எண்ணிக்கொண்டுதான் இருந்தீர்கள். என் செய்திகளை வெட்டி, சிவப்பில் திருத்தித் தபாலில் அனுப்புவீர்கள். ‘நன்று’ என்று ஒன்றிலும் எழுதியதில்லை. ஏழு வருடங்களுக்கு முன் காரைதீவில் உங்களைப் பார்க்க வந்தபோது, என்னிடம் கொஞ்சம் பெருமை இருந்தது. உங்களைக் காப்பாற்றியவன் நான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

“அண்டைக்கு நான் ‘ஆம்’ போட்டிராட்டி, சேர்...” என்று தொடங்கினேன்.

“அடிச்சன்தான்,” என்றீர்கள். “கை வீங்கிற அளவுக்கு அடிச்சன்.”

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

“‘ஆம்’ சரியாப் போட்டாய். பிரம்பு நிலத்தில கிடந்தத நீ கண்டாய்தானே? அத ஏன் எழுதல்ல?”

நான் மழையைப் பற்றிக் கேட்டேன். நீங்களும் இன்னொரு தரம் கேட்கவில்லை. பேச்சு வயலுக்கு மாறிவிட்டது.

இன்று மதியம் மலரின் நான்காம் பக்கத்தை எடுத்துக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போனேன். நஸாருக்கு அங்கே நெல் குற்றும் மில் இருக்கிறது. வாசலில் கதிரை போட்டு இருந்தான்.

“மச்சான், இந்த ரெண்டாவது வசனத்த எடுக்கணும்.”

“ஏன், எழுத்துப் பிழையா?”

“அடிச்சவர் எண்டு அவரே எனக்குச் சொன்னவர்.”

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். “இவ்வளவு காலமும் எனக்குப் பக்கத்துத் தெருவில இருந்தாய். இண்டைக்குத்தான் கேக்கிறாய். நீயெல்லாம் ஒரு ரிப்போட்டர்.”

அது சரிதான். ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டவன், அடிபட்டவனிடம் ஒரு தரமும் கேட்கவில்லை.

“நோந்ததா?”

“நோகாம? ரெண்டு கிழம பேனை பிடிக்க ஏலாமப் போச்சு. மாரிக் குளிருக்கு இப்பவும் கொஞ்சம் நோகும். அவரோட எனக்குக் கோவம் இருந்ததுதான்.”

“அப்ப ஏன் சைக்கிளால விழுந்தன் எண்டாய்?”

“கேற்றில நிண்டவங்கள் என்ட கைக்காக வரல்ல மச்சான். ஒருத்தனாவது ‘கையக் காட்டு பாப்பம்’ எண்டு கேக்கல்ல. நான் ஓம் எண்டிருந்தா அவர் அண்டைக்கு வீடு போய்ச் சேந்திருக்க மாட்டார்.”

“சரி. மலர்ல ஏன் திரும்பவும் பொய்?”

“சொல்லிப் பழகிட்டு,” என்று சிரித்தான். பிறகு என் பேனையை வாங்கி அந்த வசனத்தை அவனே வெட்டினான். “இப்ப எழுது. இப்ப கேற்றில ஆக்களில்ல.”

அடிபட்டவனின் பெயரும் கீழே இருப்பதால், இப்போது அந்த இடத்தில் ‘ஆம்’ இல்லாமல் இப்படி இருக்கிறது: “ஒன்பதாம் வகுப்பில் ஒரு முறை நஸாரை அடித்தார். பிரம்பு தரையில் கிடந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு அதை அவர் கையில் காணவில்லை.” உங்கள் மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “அப்பாவுக்கு இது சரியா இருக்கும். போடுங்க,” என்றார்.

பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ‘அத ஏன் எழுதல்ல?’ என்ற உங்கள் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. என் பழைய செய்திகளை எடுத்து வைத்து, ‘கூறப்படுகிறது’, ‘தெரிவிக்கப்படுகிறது’ என்று முடித்த வசனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சேர். அவற்றுள் சிலவற்றில் நான் அந்த இடத்திலேயே நின்றிருக்கிறேன்.