நனைந்த சட்டை

தம்பி,

இன்று காலை கச்சிராயபாளையம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் காலடியில் ஒரு மஞ்சப்பை. மக்காச்சோளத்துக்குப் பூச்சிமருந்து வாங்கிப் போகிறார். மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. பூண்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட மாதிரி அந்த நாற்றம். இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

என் பாடத்தை நீ கிண்டல் செய்யாத நாள் உண்டா? பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தும்போது சோற்றுத் தட்டோடு வந்து எட்டிப் பார்ப்பாய். அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும் வலுவானவை, ஹைட்ரஜன் பிணைப்பு மெலிது, வாண்டர் வால்ஸ் விசை அதைவிட மெலிது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, உப்புக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாய்.

"இதுல இருக்கறது கெட்டியான பிணைப்புன்ற. ரசத்துல போட்டா காணாமப் பூடுதே, இன்னா டீச்சரு நீ?"

தண்ணீர் மூலக்கூறுகள் கும்பலாகச் சூழ்ந்து ஒவ்வோர் அயனியாகப் பிய்த்துக்கொண்டு போகும் என்றேன். "அப்ப நாலு பேரு சேந்து இழுத்தா எதுவும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டாய். நானும் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை மலையடிக் கொல்லையில் படைப்புழுவுக்கு மருந்து அடித்துவிட்டுப் பதினோரு மணிக்கே வந்துவிட்டாய். "தல சுத்துதுக்கா. வெயிலு ஜாஸ்தி." எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாய். அம்மா ஏரி வேலைக்குப் போயிருந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்து, முதுகைத் தாங்கிப் பாயில் படுக்கவைத்தேன். சட்டை சொதசொதவென்று இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். நாற்றமும் வந்தது, மருந்து அடித்தவன் மேல் மருந்து நாறாமல் வேறென்ன நாறும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். பஸ்ஸைப் பிடித்துப் போய், பிணைப்புகளின் வலிமை வரிசையைக் கரும்பலகையில் எழுதினேன்.

மூன்று மணிக்குத் திரும்பியபோது உன் வாயில் நுரை. கண்பாவை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆட்டோவில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன். ஸ்பிரேயர் டேங்க் ஒழுகி முதுகெல்லாம் மருந்து ஊறியிருக்கிறது என்றார் டாக்டர். சட்டையை அவர்கள்தான் கத்தரித்து எடுத்தார்கள்.

"நரம்பை அடக்கி வைக்கிற நொதியைப் போய்ப் புடிச்சிக்கும்மா. சீக்கிரம் வந்தா இழுத்து எடுக்க ஊசி இருக்கு. நேரம் போகப் போக இறுகிடும், அப்புறம் எதைப் போட்டாலும் விடாது."

அந்தப் பிடி சகப்பிணைப்பு என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். வரிசையில் மேலே நான் எழுதியது. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இப்போதெல்லாம் அந்தப் பாடத்தைத் தொடங்குமுன், மருந்து பட்டால் முதலில் சட்டையைக் கழற்று, சோப்புப் போட்டுக் குளி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகள் பரீட்சைக்கு வரும் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

ஆனால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தபோது, நான் பஸ் ஏறிய பிறகுதான் நீ வீட்டுக்கு வந்தாய் என்று பயத்தில் சொல்லிவிட்டேன். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்:

"எம் பொண்ணு அன்னிக்கு வூட்ல இல்ல. இருந்திருந்தா வுட்டிருப்பாளா? படிச்சவ, பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருப்பா."

நான் கையை இழுத்துக்கொள்வதில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு நானும் இல்லாமல் போய்விடுவேன்.