டேப்பைப் பிடித்திருந்தவள்

தம்மாம்
3.9.1993

அன்பு மனைவி ஜெய்னபுக்கு, சேக் முகைதீனின் சலாம். இறைவன் கிருபையால் இங்கே சவூதியில் சுகம். அங்கும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். வழக்கம்போல அத்தாதான் இதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் தங்கை சௌதாவுக்கும் சலாம். நம் மகளுக்கு முத்தம்.

24ஆம் தேதி மாலை அசர் தொழுகைக்குப் பிறகு குருசாமி அண்ணன் கடைக்குப் போன் செய்வேன். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடாவிட்டால் டிசம்பரில் ஊர் திரும்பலாம். யோசித்து வையுங்கள்.

போனை வைத்ததும் யார் என்ன பேசினார்கள் என்பது பாதி மறந்துபோகிறது. நான் அனுப்பிய டேப் ரிக்கார்டரைக் கடைக்கு எடுத்துப் போய், பேசுவதையெல்லாம் பிடித்து அனுப்பு. சோழபுரம் இருளப்பசாமி லீவு முடிந்து திரும்பும்போது கொண்டுவரட்டும். ரூமில் தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்கு வந்த கேசட்டைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறோம். அவர் வீட்டு ஆடு கத்துவதுகூட எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

உன்
சேக் முகைதீன்


ராஜபாளையம்
27.9.1993

அன்புள்ள மச்சானுக்கு, ஜெய்னப் எழுதுவது. சலாம். கேசட் இத்துடன் வருகிறது.

கடையில் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமா ரிசீவரைப் பிடிக்க, நான் டேப்பைத் தோளில் தூக்கி வைத்து அவர்கள் காதோரம் நின்றேன். கை கடுத்துப் போனது. மாமா போட்ட சத்தத்துக்குப் போனே தேவையில்லை, தம்மாமுக்கு நேராகவே கேட்டிருக்கும். நீங்கள் கேட்டதற்கெல்லாம் நம் மகள் தலையை ஆட்டினாள். "என்னம்மா, சத்தத்தையே காணோம்" என்று நீங்கள் கேட்க, அதற்கும் ஆட்டினாள். கேசட்டில் அந்த இடம் வெறுமனே ஓடும். அதுதான் உங்கள் மகள்.

பெரியவர்கள் பேசி முடித்த பிறகுதானே மருமகள்? என் முறை வருவதற்குள் லைன் போய்விட்டது. பரவாயில்லை. மாமாவும் மாமியும் உங்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் எண்ணமே என் எண்ணமும். கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய் வந்தோம். எல்லோரும் சுகம். கேசட்டையும் இதையும் வாங்கிப் போக இருளப்பசாமி வந்து காத்திருக்கிறார், நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள் மாமா.

இப்படிக்கு
ஜெய்னப்


தம்மாம்
15.10.1993

அன்பு ஜெய்னபுக்கு,

கேசட் வந்தது. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. என் குரல்தான் கொசு மாதிரி எங்கோ கேட்கிறது. கடை முழுக்க அதில் இருக்கிறது. மில் சங்கு, அம்மாவின் இருமல், குருசாமி அண்ணன் யாருக்கோ சில்லறை இல்லை என்று சொல்வது. ரூமில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நீ மட்டும்தான் இல்லை என்று எனக்குக் குறையாக இருந்தது.

இன்று தனியாக உட்கார்ந்து கேட்டேன். "சௌதா கல்யாணம் முடியட்டும்லே, ரெண்டு வருசம் இருந்துட்டு வா" என்று அத்தா சொல்கிறார்கள். உடனே, மிக அருகில், மூச்சோடு மூச்சாக ஒரு குரல்: "வேண்டாம் மச்சான்."

டேப் உன் வாயருகே இருந்ததை நீ மறந்துவிட்டாய். அத்தாவின் காதில் விழாதது அதில் விழுந்திருக்கிறது.

அத்தா படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அத்தா, அவள் உங்களை எதிர்த்துப் பேசவில்லை. தன்னை அறியாமல் சொல்லியிருக்கிறாள். ஜெய்னப், கடிதத்தில் ஒன்று சொல்கிறாய், கேசட்டில் ஒன்று. எதைக் கேட்டு நடக்கட்டும்? உன் பதில் வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன்.

சேக் முகைதீன்


ராஜபாளையம்
1.11.1993

என் மச்சானுக்கு,

மாமா வழக்கம்போலக் கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள். "வேண்டாம் மச்சான்" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பக்கத்துலதானம்மா நின்னே, என் சத்தத்துல ஒஞ் சத்தம் கேக்காமப் போச்சே" என்றார்கள். மாமி, "ஏட்டி, இம்புட்டு நாளும் இதை மனசுக்குள்ள வச்சிக்கிட்டா எங்களுக்குச் சோறு போட்டே?" என்று என் தலையைத் தடவினார்கள். சௌதாதான் முடித்து வைத்தாள். "என் கல்யாணத்துக்கு அண்ணன் அனுப்புற சாமான் வேணாம். அண்ணன் வந்து நிக்கட்டும்" என்றாள்.

பிறகு மாமா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்கள். "மிச்சத்தை நீயே படிச்சுக்க. பதிலையும் நீயே எழுதி, ஒட்டி, போட்டுரு. நான் பாக்க மாட்டேன்" என்றார்கள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் எழுதிய கடிதத்தை நானே ஒட்டப் போவது இதுதான் முதல் தடவை. அதற்காகவே மாமாவுக்கு எத்தனை துஆ செய்தாலும் தகும். நான் சொல்லாததையும் கேட்ட உங்களுக்கு என்ன செய்வேன், மச்சான்? அல்ஹம்துலில்லாஹ்.

தபால் பெட்டிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். உன் அத்தா ஊருக்கு வந்துவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். தலையை ஆட்டினாள்.

போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். கேசட்டில் இருப்பவள்தான் நான். வந்துவிடுங்கள்.

ஜெய்னப்