வராத வரி

11 ஆகஸ்ட் 2003, திங்கள்
கடைசி பீரியடில் கரஸ்பாண்டென்ட் பாண்டுரங்கன் சார் டீச்சர்கள் எல்லாரையும் கூப்பிட்டார். "டியூஷன் சென்டருக்கு வரி வந்தாச்சு. அடுத்து ஸ்கூல் ஃபீஸுக்கும் போடணும்னு பேசறாங்க. போட்டா இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எதிர்ப்பு மனுவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது எங்கள் வேலை.
பயமாகத்தான் இருக்கிறது. டீச்சர் பிள்ளை என்பதால்தான் என் மகள் கவியா ஒன்றாம் வகுப்பில் ஃபீஸ் இல்லாமல் படிக்கிறாள். ஸ்கூலை மூடினால்?

12 ஆகஸ்ட்
வீட்டில் இவரிடம் சொன்னேன். கார் சீட் தைக்கிற கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பு. "வரி போட்டா அந்தாளு கையிலேருந்தா குடுக்கப் போறாரு? பெத்தவங்க தலையிலதாம்ளா கட்டுவாரு." அதுவும் சரிதான். ஆனால் வரி என்ற பேச்சே இல்லாத ஜூன் மாதம் ஃபீஸ் ஏன் ஏறியது?

16 ஆகஸ்ட், சனி
கூட்டம். "கல்வி வியாபாரம் இல்லை, சேவை. சேவைக்கு யாராவது வரி கேப்பாங்களா?" என்று சார் பேசினார். நல்ல கைதட்டல். முடிக்கும்போது, வரி வந்தால் சமாளிக்க இந்த டெர்மிலிருந்தே ஃபீஸ் கொஞ்சம் கூடும் என்றார்.
பின்வரிசையிலிருந்து தசரதன் எழுந்தார். என் மூன்றாம் வகுப்பு நிலாவின் அப்பா. பக்கத்துக் கிராமம். ஒரகடம் பக்கம் இருந்த நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன்.
"சேவைன்னா இன்னாத்துக்கு சார் ஏத்துறீங்க? எங்க ஊரு இஸ்கோல்ல அஞ்சு கிளாசுக்கும் ஒரே வாத்தியாரு கீறாரு. அதனாலதான் பொண்ண இங்க சேத்தேன். எங்கிட்ட வரி வாங்கி அங்க இன்னொரு வாத்தியாரப் போடட்டுமே. நான் குடுக்குறேன்."
ஒருத்தரும் கைதட்டவில்லை. மனு அவர் கைக்கே போகாமல் அடுத்தவரிடம் போய்விட்டது.
அவர் சொன்னது சரி என்று பட்டது. ஆனாலும் அடுத்த வரிசையில் கையெழுத்து வாங்கப் போனேன்.

18 ஆகஸ்ட், திங்கள்
சார் உத்தரவு. நிலாவை வகுப்பில் விடக்கூடாதாம். கூடுதல் ஃபீஸ் கட்டும்வரை வெளியே நிற்கட்டுமாம். கட்டாதவர்கள் எத்தனையோ பேர் — அவள் மட்டும் வெளியே.
நான் போர்டில் போட்ட கணக்கை ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். "மிஸ், விடை முப்பத்தாறா?" என்று அங்கிருந்தே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். சீ, என்ன பொழப்பு இது?

19 ஆகஸ்ட்
யோசித்துச் செய்யவில்லை. மழை பிடித்தது, வராண்டாவெல்லாம் சாரல். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சார் கூப்பிடுவதாக ஆயா சின்னப்பொண்ணு வந்து நின்றார்.
"அந்தப் பொண்ணு வெளிய போகணும். இல்லைன்னா நீங்க போங்க."
"எட்டு வயசுக் குழந்தை சார்."
"அப்போ கிளம்புங்க. உங்க பொண்ணுக்கும் இனிமே எல்லாரையும் போல ஃபீஸ் உண்டு."
வீட்டில் இவர் கத்தித் தீர்த்துவிட்டார். "ஊரான் பிள்ளைக்கு நியாயம் கேட்டியே, நம்ம பிள்ளைய யாருளா கேப்பா?" சாப்பிடாமலே ஷிஃப்டுக்குப் போனார். அவர் கேட்டது தப்பா? தப்புன்னு சொல்ல என்னால முடியலையே!

22 ஆகஸ்ட்
தசரதன் வந்திருந்தார். நிலாவுக்கு டி.சி. வாங்கி அவர்கள் ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டாராம். "நான் வாயத் தொறந்து உங்க வேலை பூட்ச்சே டீச்சர்." உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலிலேயே தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார்.

10 செப்டம்பர்
காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை கிடைத்தது. நாள் பூரா நின்றுகொண்டே.

4 நவம்பர்
வரிப் பேச்சு அடங்கிவிட்டது. ஸ்கூல் ஃபீஸுக்கு வரி கிடையாதாம். பேப்பரில் சின்னதாகப் போட்டிருந்தான். ஏற்றிய ஃபீஸை யாரும் இறக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கவியாவின் அடுத்த டெர்ம் ஃபீஸுக்கு இவர் ஓ.டி. கேட்டுப் பார்த்தார். லைனில் ஆர்டர் குறைவாம்.

5 ஜனவரி 2004, திங்கள்
கவியாவைத் தசரதன் ஊர்ப் பள்ளியில் சேர்த்தோம். கூட்டிப் போனது இவர்தான். அங்கிருக்கும் ஒரே வாத்தியார் ஐயனார் நல்ல மனுஷனாம். அவரே மணி அடிக்கிறார், அவரே ரூமைப் பெருக்குகிறார். இவர் இப்போது என்னிடம் கோபமாகப் பேசுவதில்லை. பேசுவதே குறைந்துவிட்டது.

23 ஜனவரி
வாக்காளர் பட்டியல் வேலை என்று ஐயனார் சாரைப் போட்டுவிட்டார்களாம். ஒரு வாரமாக அவர் வகுப்புக்கு வரவில்லை.
"அப்போ யாரும்மா பாடம் எடுக்கிறா?" என்று கவியாவிடம் கேட்டேன்.
"நிலா அக்கா. ஒன்னாங்கிளாசுக்கு அவதாம்மா மிஸ்."
"நல்லாச் சொல்லித்தர்றாளா?"
"ம். ஆனா அவ கிளாசுக்குச் சொல்லித்தரத்தான் யாரும் வரலம்மா."
தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.