சுக்கானுக்கு அடியில் அப்பா மாட்டிக்கொண்ட நாள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவின் இடது காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். பதறாதே, எலும்பு முறியவில்லை. போனில் சொன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயை அடைப்பார் என்பதால்தான் கடிதம்.

நம் பாய்மரப் படகைப் பழுது பார்க்கக் கரையில் ஏற்றி ஏழு மாதம் ஆகிறது, மூன்று வாரத்தில் முடியும் என்று உனக்குச் சொன்னதெல்லாம் அப்பாவின் கணக்கு. இரும்பு முட்டுகளின் மேல், மண்ணிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், அந்தப் படகிலேயே நாங்கள் குடியிருந்தோம். என் முழங்காலுக்கு அந்த ஏணி ஆகவில்லை, அதனால் இறங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். நான்கு எட்டு இந்தப் பக்கம், நான்கு எட்டு அந்தப் பக்கம், சமையலும் படுக்கையும் ஒரே மூச்சுக்குள். தண்ணீரில் இருந்தாலாவது படகு ஆடும், கரையில் அதுவும் இல்லை. படகைத் திருப்பும் சுக்கானில் விரிசல் விட்ட இடத்திலெல்லாம் அப்பா மூன்று வருஷமாகப் பசை தடவி, தேய்த்து, பெயிண்ட் அடித்தே காலம் தள்ளினார். பட்டறையில் ஃபைபர் வேலை செய்கிறவர் அதை விரலால் தட்டிப் பார்த்து, "ஐயா, இது உள்ள தண்ணி குடிச்சு ஊறிப் போயிருக்கு, கழட்டிப் பிளந்துதான் பார்க்கணும், ஆனா நான் இல்லாம கழட்டாதீங்க, மேல கயிறு கட்டிட்டுதான் இறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா யார் சொல்லி எதைக் கேட்டிருக்கிறார்?

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை, ஈ காக்கை இல்லை. சுக்கானின் தண்டு படகின் அடியிலிருந்து மேல்தளம் வரை வரும் நீளமானது, அது முழுதாக இறங்க வேண்டுமானால் அடியில் குழி வேண்டும் என்று காலையிலேயே இடுப்பளவு தோண்டிவிட்டார். அதோடு நின்றாரா, சுக்கானை வழுக்கவிட்டு இறக்க ஒரு தாங்கல் வேண்டும் என்று என் ஏணியையும் எடுத்துக் குழியின் குறுக்கே சாய்த்துவிட்டார். நான் மேலே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சடாரென்று ஒரு சத்தம், அப்புறம் அப்பாவின் குரல், திட்டவும் இல்லை, கத்தவும் இல்லை, என்னைக் கூப்பிட்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓரத்துக்குப் போனேன். எட்டிப் பார்த்தால் ஏணி நழுவி, சுக்கான் பாதி இறங்கி, அவர் தொடையைக் குழிச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது. அவர் போன் பட்டறை ஆபீஸ் அறையில் கழற்றி மாட்டிய சட்டையில், என் போனையும் அங்கேதான் சார்ஜில் போட்டிருந்தார், ஏணி அவர் முதுகுக்குப் பின்னால். குதிக்கலாமா என்று ஓரத்தில் காலை வைத்தேன், "குதிச்சுத் தொலைக்காதே, ரெண்டு பேரும் கிடந்தா யாரு பார்ப்பா" என்று அங்கிருந்தும் அதிகாரம்.

தண்டின் தலை மட்டும் இன்னும் பின்தளத்தில் நான்கு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, திருப்புகிற கைப்பிடியை மாட்டும் ஓட்டையும் அதில் இருந்தது. பாய்க்கயிறு ஒன்றை அதில் கோத்து முடிந்து, தலைக்கு மேலே இருக்கும் பாயின் குறுக்குக் கட்டை மேல் போட்டு, மறுமுனையைக் கயிறு இழுக்கும் வின்ச்சில் சுற்றினேன். இத்தனை வருஷம் அவர் செய்யும்போது பார்த்துக்கொண்டிருந்தது வீண் போகவில்லை. டிக், டிக் என்று ஒவ்வொரு பல்லாக ஏறியது. கட்டை முனகியது, நானும் முனகினேன். ஒரு சாண் ஏறியதும் "போதும் போதும்" என்றார், தவழ்ந்து வெளியே வந்து மண்ணில் மல்லாந்துவிட்டார். நான் கயிற்றை வின்ச்சிலேயே இறுக்கிக் கட்டினேன்.

அவரால் எழுந்து நிற்க முடியவில்லை, என்னால் இறங்க முடியவில்லை. சாயங்காலம் காவலாளி வரும்வரை அவர் கீழே, நான் மேலே. வாளியில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துக் கயிற்றில் இறக்கினேன், சாப்பிட்டார். இந்தப் படகை விட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று கேட்டேன். காலி வாளியைத் தள்ளி வைத்தார். பிறகு, "அடுத்த லீவுல நானும் வரேன், மூணு பேரும் படகுல போகலாம்னு குட்டி சொன்னாளே" என்றார், உன்னைத்தான். அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாள் என்றேன். "சும்மா சொல்ற பொண்ணா அவ?" என்று கேட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைச் சொல்லி மூன்று லீவு போய்விட்டது, நீ மறந்தே போயிருப்பாய்.

மறுநாள் ஃபைபர்காரர் சுக்கானை இறக்கி இரண்டாகப் பிளந்தார். கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது, உள்ளே இருந்த ஃபோம் மக்கிய பஞ்சு மாதிரி கையோடு வந்தது. தண்டில் பற்றவைத்துச் சுக்கானைப் பிடித்துக்கொள்ளும் மூன்று உலோகப் பட்டைகளில் ஒன்று கழன்றே போயிருந்தது. "இதோட கடலுக்குப் போயிருந்தா நீங்க கைப்பிடியைத் திருப்பிட்டே இருந்திருப்பீங்க, படகு அது பாட்டுக்குப் போய்ட்டே இருந்திருக்கும்" என்றார். இனி புதுப் பட்டை பற்றவைத்து, ஃபோம் நிரப்பி, கண்ணாடி இழைத் துணியும் ரெசினுமாக அடுக்கடுக்காக ஒட்டி மூட வேண்டும். மழை ஈரத்தில் ரெசின் சரியாக இறுகாதாம், வெயிலுக்குக் காத்திருக்கிறோம்.

நான் இப்போது தச்சுப்பட்டறை மாடியில் ஓர் அறை பிடித்துவிட்டேன். பதினோரு படி, பிடித்து ஏறக் கம்பி இருக்கிறது. ஏணி ஏற முடியாததால் அப்பாவும் கூடவே வந்துவிட்டார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடக்கிறது. ஜன்னலில் நம் படகின் பாய்மரம் தெரிகிறது, அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். தரையில் கால் வைத்தால் எனக்கு மூச்சு வரும் என்று நினைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை நானும் அந்த ஜன்னலுக்குத்தான் போகிறேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வருவாய் என்றால் தேதி போட்டு எழுது. வரமாட்டாய் என்றால் அதையும் அப்பாவுக்கே எழுது, எனக்கு வேண்டாம். இரண்டில் எது வந்தாலும் நாங்கள் பிழைத்துக்கொள்வோம், இரண்டும் வராமல்தான் இப்படிக் கிடக்கிறோம்.

பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. நீ எங்கே இருந்தாலும் நிம்மதியாக, நிறைவாக இரு கண்ணே.

இப்படிக்கு,
உன் அம்மா

அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார், நான் இதை அவரிடம் படிக்கக் கொடுக்கவில்லை. அவர் எழுதச் சொன்ன வரி இது: சுக்கான் வேலை மும்முரமாக நடக்கிறது, உன் லீவுக்குள் படகு தண்ணீரில் இருக்கும்.