வெள்ளைப் பாவு

நேற்று என் தங்கை மகளின் கல்யாணப் புடவை வந்தது. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் புதுப் பட்டின் வாசனை கூடமெல்லாம் பரவியது. எல்லாரும் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். நான் மட்டும் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. முழுவெள்ளைப் பட்டைக் கண்டால் எனக்கு முகம் சுடுகிறது. ஏன் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அப்புறம் நான் டீச்சர் ட்ரெய்னிங் போனேன், நீ கல்யாணமாகி ஆரணியிலேயே இன்னொரு தெருவில் தறியில் உட்கார்ந்தாய். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, கடையில் புடவை எடுக்கப்போகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நான் இருக்கறப்ப உன் பொடவைய வேற எவன்டி நெய்வான்?" என்று சண்டைக்கு வந்துவிட்டாய்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் மணப்பெண்ணுக்கு வெள்ளை. உன் மாமியாருக்கு வெள்ளை என்றால் புருஷனை இழந்தவள் உடுத்துவது. முழுவெள்ளைப் பாவு, புடவையின் நீளவாட்டு நூல், தறியில் ஏறிய அன்று அவர் நாள் முழுக்க முணுமுணுத்தார். "பூவும் பொட்டுமா இருக்கற வூட்ல இது இன்னாத்துக்கு?" நீ சிரித்துக்கொண்டே, "அவங்க வழக்கம் அது அத்த. நமக்கு இன்னா, நெய்யறதுதானே" என்றாய். ஏறுமுன் பாவின் ஓரத்தில் ஒரு பொட்டு குங்குமம் வைக்கப்போன அவர் கையை நீ பிடித்து நிறுத்தியதையும் நான் பார்த்தேன். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் கல்யாணத்தன்று அந்தப் புடவையை எங்கள் சபைக் கோவிலில் பார்க்காத கண் இல்லை. எங்கள் பெண்கள் சங்கத்தில் நான்தான் யோசனை சொன்னேன்: இனிமேல் நம் சபையின் கல்யாணப் புடவைகளை என் சிநேகிதியிடமே நெய்யக் கொடுக்கலாம், ஏழைத் தறிக்காரக் குடும்பத்துக்கு உதவியாக இருக்கும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பாவில் மூன்று புடவை வரும் என்பதால், ஒரு கல்யாணம் கூடினால் இன்னும் இரண்டு மணப்பெண்களைத் தேடிப் பிடிப்போம். அயலாரை நேசிப்பது என்றால் இதுதான் என்று ஞாயிறு அறிவிப்பில்கூட வந்தது. நான் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு உபகாரம் செய்கிறவர்கள் என்ற நினைப்பு எங்களுக்கு வெல்லம்போல இனித்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லவே கூசுகிறது. வெள்ளை நெய்யும் நாட்களில் நீ முகத்துக்கும் கைக்கும் மஞ்சள் பூசுவதில்லை. வியர்வையில் கரைந்து பட்டில் பட்டால் போச்சு. வெள்ளிக்கிழமைகளில்கூட வெறும் முகத்தோடு இருந்தாய். கட்டிக்கொடுத்த பெண் மஞ்சள் பூசாமல் இருப்பது உன் வீட்டில் எவ்வளவு பெரிய பேச்சு என்று எனக்குத் தெரியும். புடவை வாங்க வந்த எங்கள் சங்கத் தலைவி உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மஞ்சளை விட்டுட்டாங்க. ஆண்டவர் அவங்க உள்ளத்துல கிரியை செய்யறார்" என்று, நீ எங்கள் மதத்துக்கு வரப்போவதாகவே நினைத்து, அடுத்த கூட்டத்தில் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார். பட்டில் கறை படும் என்பதற்காக என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஸ்தோத்திரத்தில் என் பெயருக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

வருஷங்கள் ஓடின. உன் மகள் கல்யாண வயதுக்கு வந்தாள். போளூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள், கூடத்துத் தறியைப் பார்த்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். வந்த சேதி இதுதான்: கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு வெள்ளைப் பாவு போடுகிற வீடு வேண்டாம். பெரணமல்லூர் வரனும் அப்படியே நின்றது. அப்போதுதான் நீ முதல்முறையாக என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாய். மாலை மணி அடித்துப் பிள்ளைகள் கலைகிற நேரம். கேட்கத் தயங்குகிறவள் இல்லை நீ, அன்றைக்குத் தயங்கினாய்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. உங்க பொண்ணுங்களுக்கு சந்தனக் கலர்ல நெய்யட்டுமா? மெல்லிசா ஒரு செவப்புக் கரை மட்டும் போட்டு? என் பொண்ணு கல்யாணம் ஆவற வரைக்கும்தான்டி. எத்தினி வரன் வந்து திரும்பிப் போவுது பாரு. பேஜாரா கீது."

சங்கத்தில் பேசுகிறேன் என்றேன். பேசினேன். மணப்பெண் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று எங்கள் வேதத்தில் எங்கும் இல்லை. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிற எனக்கு அது நன்றாகவே தெரியும். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரத் துரைசானிகளைப் பார்த்து வந்த வழக்கம். அதை எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவங்க மூடநம்பிக்கைக்கு நாம இடம் கொடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். "அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குத் தடையா இருக்கறோம்னு பேரு வேண்டாம். ஆர்டரை வெளியூர்ல கடைக்கே கொடுத்துடலாம்" என்றார் இன்னொருவர். உன்னை அறியாமையிலிருந்து விடுவிக்கும்படி உருக்கமாக ஜெபித்தார்கள். ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்து, நல்ல சேதி சொல்கிறவளைப்போலச் சொன்னேன். "இனிமே உனக்கு அந்தத் தொந்தரவே இல்லடி. வெள்ளை ஆர்டரெல்லாம் வெளியே கொடுத்துட்டாங்க. உன் பொண்ணுக்காக ஜெபம்கூடப் பண்ணினோம்."

நீ நெய்வதை நிறுத்தினாய். காலைத் தறியின் மிதிகட்டையிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாய்.

"நான் வேலைய நிறுத்தச் சொல்லலியேடி. கலரதானே மாத்தச் சொன்னேன்."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. ஏதோ உளறியிருப்பேன். நீ உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தது மட்டும் நினைவிருக்கிறது. சில மாதம் உன் தறி வெறுமையாகக் கிடந்தது. அப்புறம் உன் வீட்டுக்காரர் ஒரு முதலாளியிடம் பாவு வாங்கி வந்தார். கூலி குறைவு, ஏச்சு அதிகம்.

உன் மகளுக்கு வந்தவாசியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் சங்கம் மொத்தத்தையும் அழைத்தாய். நீயே கைபிடித்து முன் வரிசையில் உட்கார வைத்தாய். பந்தியில் எங்கள் தலைவி என் காதருகே குனிந்து, "பாத்தியா, நம்ம ஜெபம் கேக்கப்பட்டுடுச்சி" என்றார். வாயில் கேசரி இருந்தது. தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை நினைத்தால் இன்றைக்கும் கழுத்து வலிக்கிறது.

நீ படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அதைப் பேசிவிட வேண்டும் என்று ஒருநாள் வந்தேன். என்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். நீ கையைத் தூக்கி நிறுத்தினாய். "நீ கெட்டவ இல்லடி. ஒருத்தர் கேக்கறத நல்லா காது குடுத்துக் கேப்ப. கேட்டுட்டு வேற இன்னாமோ செய்வ." மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று அழுதார். வீட்டுக்காரரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாராம். "ஜெபம் பண்றேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தெருமுனை வரை போய் நின்றேன். திரும்பி வந்து, "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிசா ஒண்ணும் இல்ல டீச்சர். சாயங்காலம் சிலிண்டர் வரும். ஆள் இல்லன்னா திருப்பி எடுத்துகினு போயிடுவான். வாங்கி வெச்சிடுங்க."

அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்து வாங்கி வைத்தேன். அன்றைக்குச் சங்கக் கூட்டம், போகவில்லை. நீ கேட்டதும் இவ்வளவு சின்னதுதான்.