ஆர்த்திகா காப்பர்-டியை எடுக்கவில்லை

அன்பு மகன் பாண்டியராஜனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுபாக்குட்டியும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பரங்குன்றத்து முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்ததும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, ஒட்டி, உன் ரூமுக்கே திரும்பி வருகிற அருள்பாண்டி கையில் கொடுத்திருக்கிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திரு என்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு முட்டுவலி குறையவில்லை, ஆனாலும் கப்பலூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டாமல் இருக்க மாட்டேன் என்கிறார். சுபாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது, குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், அப்படியே உன் முழி. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டி ஆர்த்திகா உன்னிடம் ரத்தப்போக்கு ரொம்ப இருக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொன்னாள். நீ அதற்கு என்ன சொன்னாய்? முதலில் அந்தக் காப்பர்-டியைக் கழட்டி எறி, நான்தான் ஊரில் இல்லையே, நான் இல்லாத வீட்டில் உனக்கு எதுக்குடி அது என்று கேட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்ததப்பா. நான் பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நான் அப்போது உன் பக்கம்தான் நின்றேன், மறைக்கவில்லை. பிள்ளை தங்காமல் இருக்க அவளுக்குக் காப்பர்-டி வைத்திருக்கிற சங்கதியே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போன மாதம்தான் பேரன் வேண்டும் என்று கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வந்தேன், இவள் வாயைத் திறக்காமல் கூடவே நின்று கும்பிட்டாளே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். போதாக்குறைக்கு அடுத்த வீட்டுக்காரி, ஐயையோ அது மெல்ல மெல்ல நெஞ்சுக்கு ஏறிரும்க்கா என்றாள். மறுநாள் காலையிலேயே ஆர்த்திகாவைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இப்பவே எடுத்துவிடுங்கள், என் மகன் சொல்லிவிட்டான் என்றேன். அங்கே இசைவாணி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். என்னைப் பார்த்து, அம்மா செத்த வெளிய இருங்க, நான் அவங்ககிட்டப் பேசணும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாமியார் நான் கூட்டி வந்திருக்கிறேன், எனக்குத் தெரியாமல் அப்படி என்ன ரகசியம் என்று அங்கேயே சத்தம் போட்டேன், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறக்கவே இல்லை.

உள்ளே அந்த நர்ஸ் கேட்டதை ஆர்த்திகா பிறகு எனக்குச் சொன்னாள். எடுக்கணும்னா இப்பவே எடுத்துர்றேன்மா, செத்த நேர வேலை, ஆனா அத்தை சொன்னாங்க, வீட்டுக்காரர் சொன்னாருன்னு சொல்லாத, நீ என்ன நினைக்கிற, அதச் சொல்லு என்றாளாம். இவள் அழுதிருக்கிறாள். அழுது முடிக்கிற வரைக்கும் அந்த நர்ஸ் காத்திருந்தாளாம். அப்புறம் இவள் சம்மதம் கேட்டுத்தான் என்னை உள்ளே கூப்பிட்டாள். வயிற்றுப் படம் ஒன்றைக் காட்டி, நெஞ்சுக்கெல்லாம் ஏறாதும்மா, முதல் ஆறு மாசம் சிலருக்குப் போக்கு கூடுதலாத்தான் இருக்கும், பிறகு குறையும் என்றாள். ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். காய்ச்சலோ தாங்க முடியாத வயிற்றுவலியோ வந்தாலும், போக்கு இதற்கு மேல் கூடினாலும் உடனே ஓடி வர வேண்டும், பிடிக்கவில்லை என்று தோன்றினால் எந்த நாள் வந்தாலும் எடுத்துவிடலாம், எடுத்த பிறகு பிள்ளை தங்குவதற்கும் தடை இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். அப்போது ஆர்த்திகா என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துர்றேன், ஆனா இப்ப இன்னொரு பிள்ள வந்துச்சுன்னா நான் பிழைக்க மாட்டேன்னு பயமா இருக்கு என்றாள். காப்பர்-டி வைப்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டதாகவும் நீ சரி என்றதாகவும் சொன்னாள். மறந்துவிட்டதா உனக்கு?

பாண்டியராஜா, சித்திரையில் அவள் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தபோது நீ போனில் பார்த்தது குழந்தையின் முகத்தை மட்டும்தான். நான் பார்த்தது வேறு. அம்புட்டு ரத்தம் போனது, பாட்டில் மேல் பாட்டில் ஏற்றினார்கள், டாக்டர் என்னிடம் வந்து ஒன்றும் சொல்ல முடியாது என்று சொன்னார். நீ தைக்கு வருவாய், ரெண்டு மாதம் இருப்பாய், விமானம் ஏறிவிடுவாய். வயிற்றைச் சுமக்கப்போகிறவள் அவள். அவள் எதற்கு அதை வைத்திருக்கிறாள் என்றா கேட்கிறாய்? நீ வருவாய் என்றுதான்டா வைத்திருக்கிறாள்! ரூமில் நாலு பேர் வேலையற்றுப் பேசுவதைக் கேட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவள் மேல் சந்தேகம் கொள்கிற அளவுக்கு உன்னை நான் வளர்க்கவில்லை. அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. சண்டை போட வேண்டும் என்றால் என்னிடம் போடு. நேற்று கோயிலுக்குப் போய் முருகனிடமும் சொல்லிவிட்டு வந்தேன், தொட்டில் அங்கேயே ஆடட்டும், அவள் உடம்பு தேறி அவளாகச் சொல்கிற வரைக்கும் நீ பொறுத்துக்கொள் என்று. அவரே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு என்ன அவசரம்?

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் பெண்டாட்டி பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். ஞாபகமாக ஒன்று, போன் பண்ணினால் முதலில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேள். நீ அதைச் சொன்ன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அருள்பாண்டி கையில் பருப்புப் பொடி டப்பா கொடுத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்கும் என்று பூண்டு கூடப் போட்டு அவள்தான் வறுத்து அரைத்தாள். நீ அந்த வார்த்தையைச் சொன்னதற்கு மறுநாள், சுகாதார நிலையத்திலிருந்து திரும்பி வந்ததும் செய்தது அது.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபம் ஆறாத அம்மா
பாண்டியம்மாள்