கற்பூரத்தை அணைக்காத கை

நம் மகள் இன்று கல்லூரியிலிருந்து வந்ததும் மூச்சிழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் நீலக் குழாயை மேசைமேல் வைத்தாள். "அம்மா, டாக்டர் எழுதிக் குடுத்தா இதைப் போட்டுட்டே சைக்கிள் பந்தயத்துல ஓட்டலாமாம். காலேஜுல சரின்னுட்டாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். எனக்குத்தான் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நமக்குக் கல்யாணமான புதிது. நீங்கள் சைக்கிள் பந்தயம் ஓட்டித்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. நல்லேப்பிள்ளியில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு நடந்த பந்தயத்துக்கு எலப்புள்ளியில் கொடி அசைத்தார்கள்; முடிவது நல்லேப்பிள்ளிக் கோயில் வாசலில். அதற்குச் சற்று முன்பு, அத்தனை கூட்டமும் பார்க்க, இழுப்புக்கான வெள்ளை மாத்திரையைச் சோடாவோடு விழுங்கினீர்கள். ஒளித்துச் செய்யத் தெரியாத மனுஷன்!

நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். மாலையை எடுக்கும்போதே இரண்டாவதாக வந்தவரின் ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "மருந்து போட்டு ஓட்டுனவனுக்கு மாலையா?" கெட்ட பெயர் வந்தால் பிறகு எந்த ஊரிலும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள்.

விழாத் தலைவர் உங்கள் பக்கம்தான். சத்தியம் செய்வதற்காகத் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். "மருந்தே தொடலைன்னு இதை அடிச்சு அணைச்சுருங்க, பேச்சு முடிஞ்சுது" என்றார். கையை நீட்டினீர்கள். பிறகு மடக்கிக்கொண்டீர்கள்.

"தொட்டனுங்களே. மூச்சுக்குத்தானுங்க சாப்பிட்டேன். ஆத்தா முன்னாடி எப்படிங்க இல்லேங்கறது?"

கூட்டம் ஓவென்று கத்தியது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தால் என்ன என்று எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். ஆனாலும் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். "ஏனுங்க, இழுப்பு வந்தா உக்காந்துட்டே தூங்கற மனுசனுங்க இவரு. மாத்தர போட்டாத்தான் உங்களையாட்டம் மூச்சு வுடுவாரு. அதுக்குன்னு அது சைக்கிளையா மிதிக்குது?"

யாரும் காதில் வாங்கவில்லை. அப்போதுதான் பந்தயத்துக்குத் துணையாகக் கடைசி ஆளுக்குப் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து, உங்கள் இழுப்புக்கு வைத்தியம் பார்க்கும் நம் டாக்டர் இறங்கினார். மாத்திரை தான் கொடுத்ததுதான் என்றார். அதையும் நம்பாமல் முறைத்துக்கொண்டு நின்றார் இரண்டாவதாக வந்தவர். டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் மாட்டி, மறுமுனையை உங்கள் நெஞ்சில் வைத்தார். "மாத்திரை வேகம் இறங்கிருச்சு. இப்பக் கேளு."

அவர் கேட்டார். முகம் மாறியது. "உள்ள பூனைக்குட்டி கத்துதுங்க!" என்றவர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். "இந்த நெஞ்ச வெச்சுட்டா என்னைய முந்துனீங்க?"

கூட்டம் சிரித்துவிட்டது. மாலையை வாங்கி அவரே உங்கள் கழுத்தில் போட்டார். அதற்குள் கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்திருந்தது. எனக்கு வந்த அழுகையில் வசவும் கலந்திருந்தது. நீங்களோ, "பசிக்குது, ஊட்டுக்குப் போலாமா?" என்றீர்கள்.

மகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நிம்மதியாக ஓட்டட்டும். நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகும் கடைவீதியிலும் கோயிலிலும் உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பக்கத்தில் போனால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. தலை நிமிர்ந்து நடக்க எனக்கு அது போதும்.